ஒன்றை மட்டும் கேளுங்கள்

ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே தகப்பனுக்குப் பிறந்த தன் இரண்டு பிள்ளைகளில் மூத்தவன் இந்தியன், இளையவள் இந்தியப் பிரஜை இல்லை என்பது மீனாவுக்குப் பதினெட்டு வயது முடிந்த பிறகுதான் யோகேஸ்வரிக்குத் தெரிய வந்தது.

மீனா நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிகிறபோது வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வருவார்கள், எல்லோரும் இப்போதே பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அவள் விண்ணப்பித்தாள். விசாரணைக்கு வந்த ஏட்டு முத்திருளன் நல்ல மனிதர். வீட்டு வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தாயின் அடையாள அட்டையைக் கேட்டார். யோகேஸ்வரி அகதி முகாம் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகனுக்கு பாஸ்போர்ட் இருக்குன்னு சொன்னீங்களே, அவரு எப்பப் பொறந்தாரு?"

"ரெண்டாயிரத்து மூணு, அக்டோபர்."

"அதான். அவரு தப்பிச்சுட்டாரு. ரெண்டாயிரத்து நாலு டிசம்பர் மூணுக்கு முந்திப் பொறந்திருந்தா, தாய் தகப்பன் ரெண்டு பேருல ஒருத்தர் இந்தியாக்காரரா இருந்தாப் போதும். அதுக்குப் பெறகுன்னா, இன்னொருத்தர் அனுமதியில்லாம நாட்டுக்குள்ள வந்தவரா இருக்கக் கூடாது. பாப்பா எப்பப் பொறந்துச்சு?"

மீனா பிறந்தது அந்த டிசம்பருக்கு அடுத்த மாதம், போகி அன்று. ஏட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாற்பத்தோரு நாள் வித்தியாசம்.

"புள்ள மேல ஒண்ணும் தப்பில்லம்மா. நீங்க வந்த வழி அப்படி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோகேஸ்வரி வந்த வழி கடல் வழி. தொண்ணூறாம் வருஷம், ஏழு வயதில், வவுனியாவிலிருந்து மன்னார் போய், அங்கிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் மூன்று மாதம் இருந்து, பிறகு உசிலம்பட்டிச் சாலையில் இருக்கிற இந்த முகாமுக்கு லாரியில் கொண்டுவந்து இறக்கப்பட்டவள். இங்கேயே படித்தாள். சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகிற அழகுபாண்டியை இங்கேயே கட்டிக்கொண்டாள். அவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். அவனுடைய வீட்டார் இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, மூத்தவன் அருள்பாண்டி பிறந்ததும் கறி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். யோகேஸ்வரி முகாமை விட்டு வெளியே குடிபோனால் பதிவில் பெயர் போய்விடும் என்பதால் அழகுபாண்டிதான் முகாம் வீட்டுக்கு வந்தான்.

ஏட்டு வந்துபோன அன்று அவன் தாலுகா ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டான். "நான் ஒசிலம்பட்டிக்காரன். எங்கப்பன், பாட்டன் எல்லாம் இந்த மண்ணுல கெடக்கான். எனக்குப் பொறந்தவ எப்படிய்யா வேற நாட்டுக்காரியாவா?" அங்கே இருந்தவர்கள் அவனை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

யோகேஸ்வரி யாரிடமும் சத்தம் போடவில்லை. தன் உடம்பில் இருந்த ஏதோ ஒரு நோயைப் பாலோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது போல அவளுக்கு இருந்தது. மகனுக்குக் கொடுக்காமல் மகளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறாள். மீனா எதிரே வந்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல பஸ் ஏறிப் பழங்காநத்தத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு பைப் கடையின் மாடியில், இரக்க மாதா சபை என்கிற துறவற சபை நடத்திய சமூகப் பணி மையம் இருந்தது. பதினோரு வருஷமாக அவள் அங்கே மனு அடித்து, பட்டியல் எழுதி, கோப்பு கட்டிக்கொண்டிருந்தாள். மையத்தின் பொறுப்பாளர் ஃபாதர் இஞ்ஞாசி. வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை வியாதி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. ஒரு ஆடிக்காற்றில் முகாம் கூரைகள் பறந்தபோது கலெக்டர் ஆபீஸ் படியில் இரண்டு நாள் உட்கார்ந்து புதுத் தகரம் வாங்கி வந்தவர். குடியுரிமைச் சட்டத்தின் பிரிவுகளைச் செபம் சொல்வது மாதிரி ஒப்பிப்பார். முகாம்காரர்களுக்குக் குடியுரிமை வாங்குவதை அவர் சபை வேலையாகப் பார்த்ததில்லை. தன் சொந்த வேலையாகத்தான் செய்துகொண்டிருந்தார்.

மீனா விஷயத்தைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவளக் கூட்டிட்டு வா."

மீனா வந்தாள். அவள் தலையில் கை வைத்து, "நான் வாங்கித் தாரேன்டா. வாங்காம ஓய மாட்டேன்," என்றார். மீனா அதை நம்பினாள். யோகேஸ்வரியும் நம்பினாள்.

அடுத்த வருஷம் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. ஃபாதர் ஒரு கடிதம் தயார் செய்தார். முகாம் தமிழர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தரப் பாடுபடுவேன் என்று அதில் எந்த வேட்பாளர் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்கு நம் மக்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொன்னார். யோகேஸ்வரி மாதா கோவிலின் பின்பக்கம், செருப்பு விடுகிற இடத்தருகே நின்று கேட்டாள். முன் வரிசைகளில் யாரும் தலையாட்டவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மாள் ஃபாதரை வழிமறித்தாள்.

"ஏன் சாமி, எம் மகன் டிகிரி முடிச்சுட்டு மூணு வருசமாச் சும்மா இருக்கான். எங்க ஓட்ட வச்சு எங்களுக்கு ஏதும் கேக்கலாம்ல?"

"உங்களுக்கு ஓட்டாச்சும் இருக்கும்மா. அவுகளுக்கு என்ன இருக்கு?"

அந்த அம்மாள் முந்தானையைத் தலையில் இருந்து இறக்கிக்கொண்டு போனாள். யோகேஸ்வரி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். யாரோ ஒருவர் வீட்டுச் சோற்றில் கை வைத்தது போல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கையெழுத்துப் போட்ட வேட்பாளரே ஜெயித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, பாராளுமன்றத்தில் கேள்வியும் கேட்டார். இரண்டு வரியில் பதில் வந்தது. அப்படி ஒரு யோசனை பரிசீலனையில் இல்லை.

ஃபாதர் அந்தத் தாளை மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இந்தக் கதவு இல்லாட்டி வேற கதவு," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சபைக்கு வேறொரு இடி விழுந்தது. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்குவதற்கான லைசென்ஸ் காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த மனு டெல்லியில் கிடந்தது. கேட்டால் பரிசீலனை என்றார்கள். வங்கியில் இருந்ததைத் தொட முடியவில்லை. சபையின் மற்ற வேலைகள் எப்படியோ ஓடின. சோழவந்தானில் இருந்த இல்லம்தான் அடிபட்டது. பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் மனம் பேதலித்துத் திரிந்த பெண்களைக் கூட்டி வந்து வைத்திருந்த இல்லம் அது. நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு யோகேஸ்வரிதான் அங்கே போவாள்.

முதலில் பாலை நிறுத்தினார்கள். பிறகு முட்டை. பிறகு மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தார்கள். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் செசிலி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்று கேட்பார். யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொள்வாள்.

அங்கே சோலையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். பெயரைத் தவிர வேறு எதையும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. யோகேஸ்வரியைப் பார்த்தவுடன், "எம் பஸ்சு வந்துருச்சா?" என்று கேட்பாள். "இன்னும் வரலக்கா, வந்ததும் சொல்றேன்," என்றால் போய் உட்கார்ந்துகொள்வாள். மாத்திரை குறைந்த மூன்றாவது வாரம் அவள் உட்காருவதை நிறுத்தினாள். கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒருநாள் மத்தியானம் சமையல்காரி தண்ணி லாரிக்குக் கேட்டைத் திறந்த நேரத்தில் வெளியே போய்விட்டாள். தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடந்தவளை மறுநாள் கண்டுபிடித்தார்கள். அடக்கத்துக்கு யோகேஸ்வரியும் போனாள். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் ஃபாதர் இஞ்ஞாசியே ஒரு பக்கம் பிடித்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து விஜய்ஆனந்த் என்கிற வக்கீல் மையத்துக்கு வந்தார். டெல்லியில் ஆட்களைத் தெரிந்தவர். பெரிய அதிகாரி ஒருவரைச் சந்திக்க நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். லைசென்ஸும் குடியுரிமையும் ஒரே உள்துறை அமைச்சகத்தில்தான் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடலாம் என்று ஃபாதருக்கு முகம் மலர்ந்தது. யோகேஸ்வரி நான்கு பக்கத்தில் மனு அடித்தாள். முகாமின் நூற்றெண்பத்தேழு குடும்பங்களின் பெயர்களும் அதில் இருந்தன. மீனாவைப் போல, தகப்பன் இந்தியராக இருந்தும் குடியுரிமை இல்லாத பதினெட்டுப் பிள்ளைகளின் பெயர் தனியாக இருந்தது.

"நீயும் வா யோகா," என்றார் ஃபாதர். "நாங்க சொல்றதவிட நீ சொன்னா அவுகளுக்கு ஒறைக்கும்."

முகாமை விட்டு ஐந்து நாள் வெளியே இருக்கத் தாசில்தாரிடம் அனுமதி வாங்கினாள். கிளம்புகிற அன்று முகாமே பஸ் நிறுத்தம் வரை வந்தது. எழுபத்தைந்து வயதுக் கந்தவனம் ஐயா, வந்த நாளிலிருந்து இலங்கைப் பேச்சு மாறாதவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்பிடாமக் கதை பிள்ளை. எங்கட கதைய உள்ளபடி சொல்லு, போதும்."

டெல்லியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் தங்கினார்கள். ஃபாதர், சபையின் மாநிலத் தலைவராக இருந்த பெரிய சாமியார், வக்கீல், யோகேஸ்வரி. சந்திப்பு பதினொரு மணிக்கு. காலையில் வராந்தாவில் டீ குடிக்கும்போது, ஜெராக்ஸ் எடுத்த மனுக்களோடு யோகேஸ்வரி வந்தாள். வக்கீல் ஒரு பிரதியை வாங்கிப் புரட்டினார்.

"ஃபாதர், தப்பா நெனைக்காதீங்க. ஒண்ண மட்டும் கேளுங்க. ரெண்டக் கொண்டுபோனா ரெண்டும் குப்பைக்குத்தான் போகும். முகாம் விஷயத்த இப்ப அவுங்க காதால கேக்கவே விரும்பல. நீங்க அதுக்காகத் தேர்தல்ல பிரசங்கம் பண்ணுனது வரைக்கும் ஃபைல்ல இருக்கு. லைசென்ஸ் மட்டும்னா இன்னைக்கே வழி பொறக்கும்."

"அதெப்படி?" என்று ஃபாதர் இஞ்ஞாசி எழுந்தே விட்டார். "அந்தச் சனத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். இந்தப் புள்ள அஞ்சு நாள் பெர்மிஷன் வாங்கி வந்திருக்கு."

பெரிய சாமியார் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாகப் பேசுகிறவர் அவர். "இஞ்ஞாசி, சோழவந்தான்ல நாப்பத்திமூணு பேரு இருந்தாங்க. இப்ப நாப்பத்திரெண்டு பேரு."

ஃபாதர் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு யோகேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ என்னம்மா சொல்ற?"

அவர் அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர்களே முடிவு செய்துகொண்டு போயிருந்தால் அவள் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ஆறியும் இருப்பாள். மூன்று ஆண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சோலையம்மாளின் கை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. மீனாவின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை.

"நீங்க பாத்துச் செய்யுங்க ஃபாதர்," என்றாள்.

வக்கீல் உடனே எழுந்தார். ஒரு பக்க மனு ஒன்றை ஏற்கெனவே அடித்துக் கொண்டுவந்திருந்தார். "இவங்களும் வரட்டும். பாஸ்ல நாலு பேர் பேரு இருக்கு. இல்லத்துல வேலை பார்க்குறவங்கன்னு சொல்லிக்கலாம். பொய்யில்லையே?"

பொய் இல்லைதான்.

அதிகாரி மரியாதையான மனிதர். எல்லோரையும் உட்காரச் சொன்னார். பிஸ்கெட் வந்தது. தானும் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்தவன்தான் என்று சொன்னார். பெரிய சாமியார் இல்லத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாகப் பேசினார். அதிகாரி குறிப்பு எடுத்துக்கொண்டார். யோகேஸ்வரியின் மடியில் பை இருந்தது. பைக்குள் அந்த நான்கு பக்கம் இருந்தது. கிளிப்பின் முனை துணிக்கு மேலேயே விரலுக்குத் தட்டுப்பட்டது.

பேச்சு முடிகிற நேரத்தில் அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீங்கள்?"

"எங்கள் இல்லத்தின் ஊழியர்," என்றார் வக்கீல்.

"எந்த ஊரம்மா உங்களுக்கு?" என்று எளிய ஆங்கிலத்தில், அன்பாகவே கேட்டார்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். இத்தனை வருஷமாக அடித்து அடித்து விரலுக்கே பாடமாகிப்போன வாக்கியங்கள் அவை. ஃபாதர் இஞ்ஞாசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதுரை," என்றாள்.

"ஓ, மதுரை!" அதிகாரியின் முகம் விரிந்தது. ஒரு தடவை தன் தாயாரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்கு வந்திருந்தாராம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் தாயாருக்குக் கழுத்து வலியே வந்துவிட்டதாம். இரண்டு நிமிஷம் அதைப் பற்றியே பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள். வெளியே வந்ததும் வக்கீல் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்.

திரும்பி வருகிற ரயிலில் ஃபாதர் சாப்பிடவில்லை. நாக்பூர் தாண்டியதும், "இது ஒரு ஆறு மாசந்தான் யோகா. லைசென்ஸ் வந்ததும் மறுபடி போவோம்," என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

முகாமில் இறங்கியபோது தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் காத்திருந்தது. கந்தவனம் ஐயா குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டெல்லி என்ன சொல்லுது பிள்ளை?"

"வாங்கி வச்சிருக்காங்க ஐயா. பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க."

"வாங்கினவையோ? அது போதும். வாங்கினாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அவர் மற்றவர்களிடம் போய் அதையே சொன்னார். யோகேஸ்வரி வீட்டுக்குள் போய்ப் பையை ஆணியில் மாட்டினாள். அதிலிருந்த தாள்களை வெளியே எடுக்கவில்லை.

ஐந்தாவது வாரம் லைசென்ஸ் வந்தது. இல்லத்தில் பாலும் முட்டையும் மாத்திரையும் வந்தன. சிஸ்டர் செசிலி யோகேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண்கள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தபோது அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு வேதனையாகவும் இருந்தது.

சபை மாதாமாதம் வெளியிடுகிற செய்தி இதழில் அந்த டெல்லிப் போட்டோ வந்தது. அந்த இதழ் மீனாவின் கல்லூரிக்கும் போகும்; அங்கே அறிவிப்புப் பலகையிலும் அதை ஒட்டியிருந்தார்கள். மீனா அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யோகேஸ்வரி துவைத்துக்கொண்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, இதுல உன்ன நம் இல்லத்தின் ஊழியர்னு போட்டிருக்கு. லைசென்ஸ் வாங்கித் தந்தவங்களுக்கு நன்றின்னு போட்டிருக்கு. நம்ம விஷயம் ஒரு வரி கூட இல்ல."

யோகேஸ்வரி துணியைப் பிழிந்தாள்.

"பேசுனீங்களா இல்லையா?"

"பேசலடி."

"ஒருத்தர் கூடவா?"

"ரெண்டையும் கேட்டா ரெண்டும் கெடைக்காதுன்னாங்க. அந்தப் பொம்பளைங்க மாத்திரை இல்லாம..." அவள் அடுத்த துணியை எடுத்துக் கல்லில் போட்டாள்.

"உன்ன யாரும் எதுவுமே கேக்கலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். முகாம் முழுக்கச் சொன்ன பொய்யோடு இதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

"கேட்டாரு. எந்த ஊருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"மதுரைன்னேன்."

மீனா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தப் போகிறாள் என்று யோகேஸ்வரி காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியாத்தானம்மா சொல்லியிருக்க," என்றாள் மீனா. படத்தை நாலாக மடித்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழித்து அவளே வந்து சொன்னாள். கல்லூரியில் அவளுக்கு மேல் வகுப்பில் படித்த முகாம் பெண் ஒருத்தி வழி சொல்லியிருந்தாள். தாய் இலங்கையில் பிறந்தவள் என்பதற்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளையை இலங்கைப் பிரஜையாகப் பதிந்துகொள்வார்கள். சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்திலேயே செய்யலாம். பிறகு பாஸ்போர்ட் வரும். அந்த நாட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம்.

"இங்க யாரும் என்னைய வச்சுக்கிறதா இல்ல. உன் ஊருக்காச்சும் போறேன்," என்றாள்.

அழகுபாண்டி அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பழங்காநத்தத்துக்குப் போனான். யோகேஸ்வரி மேஜையில் இருந்தபோதே மாடிப்படி அதிர ஏறி வந்தான். பாதிரியாரிடம் அதுவரை அவன் குரல் உயர்த்தியதில்லை.

"என்ன சாமி இது? எம் புள்ளைய இலங்கைக்காரின்னு எழுதிக் கொடுக்குறதுக்கா உங்க கையில விட்டேன்? வாங்கித் தாரேன்னு தலையில கைய வச்சுச் சொன்னீகளா இல்லையா?"

"சொன்னேன் அழகுபாண்டி."

"பெறகு?"

ஃபாதர் நின்றுகொண்டே இருந்தார். "பெறகு என்னால முடியல," என்றார்.

அழகுபாண்டி கதவருகே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு இறங்கிப் போனான். நாற்காலியை நிமிர்த்தி வைத்தது ஃபாதர்தான்.

மீனாவுக்கு உதவியதும் அவரேதான். வவுனியாவில் இருந்த யோகேஸ்வரியின் சித்தியைத் தேடிப்பிடித்துப் பிறப்புச் சான்றிதழ் வரவழைத்தார். நாட்டைவிட்டுப் போவதற்கு அனுமதி கேட்டு அவர் எழுதிய கடிதம் ஒரு மேஜையில்கூடத் தங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எழுதி அத்தனை வேகமாகப் பதில் வந்த கடிதம் அது ஒன்றுதான். அனுமதித் தாளை அவரே யோகேஸ்வரியின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

படிப்பு முடிந்த நாலாவது மாதம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, மீனாவை மதுரை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். முந்தின நாள், "அங்க எப்படியிருக்கும்மா?" என்று கேட்டிருந்தாள். யோகேஸ்வரிக்கு ஒரு கிணறும் ஒரு பனையோலை வேலியும் நினைவுக்கு வந்தன. அது தன் வீட்டுக் கிணறா பக்கத்து வீட்டுக் கிணறா என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. "நல்லாருக்கும்," என்றாள்.

வாசலில் காவலர் பயணச்சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. அருள்பாண்டி தங்கையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவு வரை போனான்.

"அண்ணே, நீ என்னையப் பாக்க வரணும்னா விசா எடுக்கணும் தெரியும்ல?" என்று மீனா சிரித்தாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு அழுதுவிட்டான். அழகுபாண்டி மகளைத் தொடவே இல்லை. தள்ளி, மழைக்கு ஒதுங்கி நின்றவர்களோடு நின்றுகொண்டான். மீனாதான் போய் அவன் சட்டைப் பையில் எதையோ வைப்பது போல நெஞ்சில் கை வைத்துவிட்டு வந்தாள். தாயிடம் வந்து, "வாரேம்மா," என்றாள். யோகேஸ்வரி அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மீனா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு வரிசை நகர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை மையத்துக்குப் போனபோது மேஜையில் புது மனுவின் கைப்பிரதி இருந்தது. அடுத்த கூட்டத்தொடருக்குள் கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் எழுதி வைத்திருந்தார்.

"இத மட்டும் அடிச்சுக் கொடுத்துரும்மா," என்றார்.

"நீங்களே அடிச்சுக்கங்க ஃபாதர். நான் வியாழக்கிழமை மருந்து எடுத்துட்டுப் போறேன். மத்த வேலைக்கு வரல."

அவள் படியிறங்கும்போது மாடியில் ஒற்றை விரலால் தட்டச்சுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த மாதம் முகாமில் ஆள் சரிபார்க்கிற நாள் வந்தது. வருவாய் ஆய்வாளர் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு குடும்பமாக முன்னால் போய் நின்று முகம் காட்டிவிட்டு வந்தது. யோகேஸ்வரியின் முறை வந்தது.

"மீனா?"

"இல்ல சார். இலங்கைக்குப் போயிட்டா."

அவர் அந்தப் பெயரில் கோடு போடும்போது, வரிசையில் பின்னால் நின்ற கந்தவனம் ஐயா கேட்டார். "ஏன் பிள்ளை அவசரப்பட்டனீங்கள்? டெல்லியில வாங்கி வச்சிருக்கினமெண்டு சொன்னனீ. கொஞ்சம் பொறுத்திருந்தா இங்கேயே கிடைச்சிருக்குமே."

யோகேஸ்வரி திரும்பினாள். முகாமே வரிசையில் நின்றது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், வேலைக்குப் போக நேரமாகிறது என்று கால் மாற்றிக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பதினெட்டுப் பெயர்களில் மிச்சமிருந்த பதினேழு பேர்.

"வாங்கல ஐயா," என்றாள். "நாங்க கொடுக்கவேயில்ல. வேற ஒண்ணக் கேட்டோம். அது கெடச்சுச்சு. என்கிட்ட எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் மதுரைன்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட வந்து பொய் சொன்னேன்."

ஆய்வாளர் பேனாவை நிறுத்தித் தலையை நிமிர்த்தினார். யாராவது மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவள் நின்று வாங்கியிருப்பாள். கந்தவனம் ஐயா குச்சியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

"அடுத்தது யாரு? சீக்கிரம் வாங்க, மழை வருது," என்றார் ஆய்வாளர்.

ஐயா அவளைத் தாண்டி மேஜைக்கு முன்னால் போய் நின்று, முகம் தெரியும்படித் தலையை நிமிர்த்திக் காட்டினார்.